கிழக்குப் பாதி

முதுகுவலிக்கு எண்ணெய் தேய்த்துக்கொள்ளும் வயதுக்கு வந்துவிட்ட என் சோட்டுக்காரர்களே, உங்கள் டாக்டரும் இதைக் கேட்டிருப்பார். சின்ன வயதில் எங்காவது விழுந்தீர்களா என்று. என் டாக்டருக்கு என் மகள் வயதுதான் இருக்கும். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு அவரும் அதையே கேட்டார். "விழல. கிளாம்ப்பா இருந்தேன்" என்றேன். அவர் என் மகளைப் பார்த்தார். அம்மா அப்படித்தான் ஏதாவது சொல்லும் என்பதுபோல் அவள் சிரித்துச் சமாளித்தாள். எனக்கு வந்த எரிச்சலில் மருந்துச் சீட்டை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். உண்மையைச் சொன்னால் கேட்க ஆளில்லை. நீங்களாவது கேளுங்கள்.

போளூரிலிருந்து ஜவ்வாது மலைக்கு ஏறும் பாதையில் பாதி உயரத்தில் எங்கள் ஊர். அப்பா தச்சு வேலை செய்தார். பசை காயும்வரை இரண்டு மரத்தை அழுத்திப் பிடித்திருக்கும் இரும்புக்குக் கிளாம்ப் என்று பெயர். போளூர்ப் பட்டறைகளில் அது வரிசையாகத் தொங்கும். அப்பாவிடம் ஒன்றுகூடக் கிடையாது. நான் இருந்தேன்.

அது நான் எட்டாவது படித்த வருஷம். எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் புதுக் கட்டடம் எழுப்பி, ஜன்னல் கதவு செய்யும் வேலையை அப்பாவிடம் கொடுத்திருந்தார்கள். ஒவ்வொரு கதவும் நாலடி நீளம். பலகைகளைச் சேர்த்து வைத்து, பின்பக்கம் மேலே ஒரு குறுக்குச் சட்டம், கீழே ஒரு குறுக்குச் சட்டம் போட்டால் கதவு முடிந்தது. ஊரில் யாராக இருந்தாலும் நாலு ஆணி அடித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். அப்பா அடிக்க மாட்டார். "ஆணி அடிச்சா அது கதவு இல்ல, பொட்டி" என்பார். ஆணி இல்லாமல் கதவு செய்கிற ஆள் என்று மலைக்குக் கீழே, கீழ்நாட்டில் நாலு பேர் சொல்ல வேண்டுமாம். கட்டடம் திறந்த மறுமாதமே அதில் ஒரு கதவில் ஆணி அடித்துக் காலண்டர் மாட்டினார்கள் என்பது வேறு விஷயம்.

ஆணி இல்லையென்றால் பசை. அப்பா வஜ்ஜிரம் காய்ச்சுவார். மாட்டுத் தோலிலும் எலும்பிலும் செய்கிற பசை அது. கட்டியை ராத்திரி ஊறவைத்து, காலையில் தண்ணீர் கொதிக்கும் சட்டிக்குள் டப்பாவை இறக்கிக் காய்ச்சினால் கொம்பு கருகும் நாற்றம் ஒன்று கிளம்பும். தலைமுடியில் ஏறினால் சீயக்காய் போட்டாலும் போகாது. சூடு ஆறுவதற்குள் பூசி, சட்டத்தை வைத்து அழுத்திவிட வேண்டும். அழுத்துவதற்கு என்னைக் கூப்பிடுவார்.

"பாப்பா, வந்து உக்காரு."

காலையில் ஒரு சட்டத்தின்மேல் உட்கார்ந்தால் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் இறங்கலாம். பிறகு அடுத்த சட்டம். காலை மடக்கக் கூடாது, ஒரு பக்கம் சாயக் கூடாது. கல்லைத் தூக்கி வைக்க வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன்.

"கல்லு வாயத் தொறந்து சொல்லுமா? சட்டம் நழுவுனா நீ சொல்லுவே."

 போதாததற்கு நான் ஒல்லி. ஒருநாள் சாப்பிடும்போது அம்மாவிடம், "பாப்பாவுக்குக் களி இன்னும் ஒரு உருண்ட போடு, எடை பத்தல" என்றார். பெற்ற பெண்ணின் உடம்பு தேற வேண்டும் என்று நினைக்கிற அப்பாக்களை நான் பார்த்திருக்கிறேன். சட்டம் ஒட்ட வேண்டும் என்று நினைத்தவர் இவர் ஒருவர்தான்.

இதில் கொடுமை என்னவென்றால், பள்ளிக்கூடத்துக்கு ஜன்னல் செய்வதற்காக நான் பள்ளிக்கூடம் போகாமல் இருந்தேன். ஒருநாள் டீச்சர் கதவுகளைப் பார்க்க வந்தார். சுவரோரம் சாய்த்திருந்தவற்றைத் தட்டிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஜன்னலெல்லாம் ஒழுங்கா வந்துடும் போல கீது. இதோ உக்காந்துக்கினு கீதே, இதான் வர மாட்டேங்குது."

பிறகு அம்மாவைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். எங்கள் பள்ளிக்கூடம் எட்டாவதோடு சரி. அதற்குமேல் படிக்கப் போளூர் ஹாஸ்டலில் இடம் வேண்டும். அந்த இடத்துக்கு ஒரு பரீட்சை. தை மாதக் கடைசியில் போளூரில் நடக்கும். எட்டாவது படிக்கிறவர்கள்தான் எழுதலாம், ஒரே தடவைதான் எழுதலாம். தவறினால் நான் வீட்டோடு இருக்க வேண்டியதுதான்.

அப்பா இழைப்புளியை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தார். "பரீட்சை அடுத்த வருசமும் வரும் டீச்சர். கதவு வேல அடுத்த வருசம் வருமா?" என்றார். அடுத்த வருஷம் நான் எந்த வகுப்பில் இருந்து அந்தப் பரீட்சையை எழுதுவேன் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. கெட்ட எண்ணமெல்லாம் கிடையாது. பள்ளிக்கூடம் என்பது எப்போதும் அங்கேயே இருக்கும், போனால் போகலாம் என்று நினைத்திருந்தார், பாவம். அவர் பள்ளிக்கூடம் போனதில்லை.

 மறுநாள் அம்மா தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஒடுகத்தூரில் இருக்கும் தன் பிறந்த வீட்டுக்குப் போனார். அங்கே மாமாவுக்கு இரும்புப் பட்டறை. திரும்பி வரும்போது ஒரு கோணிப்பையில் நாலு இரும்புக் கம்பிகள் இருந்தன. ஜீப்பில் வில்லுப்பட்டையை இறுக்கிப் பிடிக்கும் வளைந்த போல்ட்டுகளை உலையில் போட்டு நிமிர்த்திக் கொடுத்திருந்தார் மாமா. இரண்டு முனையிலும் மரை, மரைக்கு நட்டு. அம்மாவே புளிய மரத்தில் இரண்டு கனத்த கட்டைகளை அறுத்து, இரண்டு ஓரத்திலும் துளை போட்டார். பெஞ்சில் முன்பக்கம் ஒரு ஓட்டை, பின்பக்கம் ஒரு ஓட்டை. அடியிலிருந்து கம்பி மேலே வரும். கதவைப் பெஞ்சின்மேல் வைத்து, சட்டத்தின்மேல் புளியங்கட்டையைக் குறுக்கே போட்டு, கம்பியில் கோத்து, மேலே நட்டை முறுக்கினால் போதும். யானை வந்து உட்கார்ந்தாலும் அந்த அழுத்தம் வராது. இரண்டு சட்டத்துக்கு இரண்டு கட்டை. பெஞ்சில் போட வேண்டியது மொத்தம் நாலு ஓட்டைகள்.

நாலே ஓட்டைகள்! அதற்கு என்ன பாடு பட்டோம் என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

அந்தப் பெஞ்சு ஆறடி நீள வேங்கை மரம். மூன்று விரல் கனம். தாத்தா செய்தது. அவர் போனபின் அப்பாவும் பெரியப்பாவும் சொத்தைப் பிரித்துக்கொண்டார்கள். பெஞ்சை யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. பத்திரம் எழுத வந்தவர் வாழ்நாளெல்லாம் நிலத்துக்கு எழுதிப் பழகியவர். பெஞ்சுக்கும் அப்படியே எழுதிவிட்டார். "கிழக்குப் பாதி இளையவருக்கும், மேற்குப் பாதி மூத்தவருக்கும் பாத்தியப்பட்டது." எதற்கும் இருக்கட்டும் என்று, "கிழக்கே இளையவர் வீட்டுச் சுவர், மேற்கே மூத்தவர் வீட்டு வாசல்" என்று எல்லையும் போட்டார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த கொட்டகையில் பெஞ்சு கிடந்தது. நடுவில் பெரியப்பா கரிக்கட்டியால் ஒரு கோடு இழுத்து, மழைச் சாரலில் அது அழிந்தால் மறுபடி இழுப்பார்.

பெரியப்பா அப்போது தச்சு வேலையை விட்டுவிட்டுச் சின்னதாக ஒரு பெட்டிக்கடை வைத்திருந்தார். பெரியம்மா தவறிப்போய் நாலு வருஷம். பிள்ளைகள் கிடையாது. பெஞ்சால் அவருக்கு ஒரு உபயோகமும் இல்லை. ஆனாலும் தன் பாதி காலியாகக் கிடந்தால் அப்பா பிடித்துக்கொள்வார் என்று அதன் கோடியில் ஒரு கூடை வைத்து, கோழியை அடைக்கு உட்கார வைத்திருந்தார்.

வேறு பெஞ்சு செய்துகொண்டால் ஆகாதா? ஆகாதாம். "நான் வேற செஞ்சா, இது வாணான்னு நானே வுட்டுக்குடுத்த மாதிரி ஆயிடும்" என்பார் அப்பா. தரையில் வைத்து ஒட்டலாம் என்றால் அது மேடும் பள்ளமுமான மண் தரை. இந்த இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு அம்மா எப்படிக் குடும்பம் நடத்தினார் என்று இன்றும் எனக்குப் புரியவில்லை.

நாலடிக் கதவு மூன்றடிப் பாதிக்குள் அடங்காது. ஒரு சட்டம் எங்கள் பாதியில் வந்தால் மற்ற சட்டம் கோட்டைத் தாண்டி அவர் பாதியில் போய் நிற்கும். கதவைத் திருப்பிப் போட்டு ஒவ்வொன்றாய் ஒட்டலாம் என்றால், ஒட்டிய கதவை மறுநாள்வரை அசைக்கக் கூடாது, அத்தனை நாள் கையில் இல்லை. அம்மா பெரியப்பாவிடம் போய்க் கேட்டார்.

"மாமா, ரெண்டே ரெண்டு ஓட்ட. பொண்ணு பரீட்சைக்குப் போவணும்."

"உங்க பாதில ஓட்ட போடு, ஒலக்கைய நடு, எனக்கு இன்னா? என் பாதில கோழி அடைல கீது. தட்டுற சத்தம் கேட்டா முட்ட அத்தினியும் கூமுட்டையாப் பூடும்."

"தட்டல மாமா. துரப்பணத்தால துருவறதுதான். சத்தமே வராது."

"அதிருமா அதிராதா?"

"அப்ப பொண்ணு உக்காந்துக்கினே கெடக்கட்டுமா?"

"உக்காரட்டும். நான் வாணான்னு சொன்னேனா? உக்காந்தா பெஞ்சுல இன்னா கொறஞ்சு பூடுது?"

அப்புறம் நடந்ததை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். எங்கள் பாதியில் அப்பா இரண்டு ஓட்டை போட்டார். அந்தப் பக்கச் சட்டத்தைப் புளியங்கட்டை பிடித்துக்கொண்டது. பெரியப்பா பக்கத்துச் சட்டத்தின்மேல் நான். பாதி கிளாம்ப், பாதி நான். எனக்கு ஒரு முழம் தள்ளி அந்தக் கோழி. அது என்னை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே இருக்கும். கொஞ்சம் அசைந்தால் போதும், தொடையில் ஒரு கொத்து. மடியில் புத்தகத்தை விரித்து வைத்து, தசம பின்னத்தையும் கோழியையும் மாறி மாறிப் பார்த்தபடி நான் படித்த படிப்பு அது. காலையில் மலையை மூடியிருக்கும் பனி கொட்டகைக்குள்ளும் வரும். பசை காய இன்னும் நேரமாகும். அப்பா வந்து தொட்டுப் பார்த்து, "இன்னும் கொஞ்ச நேரம் பாப்பா" என்பார். அந்தக் கொஞ்ச நேரத்தை நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

பரீட்சைக்கு முந்தின நாள். ஒரு கதவு மட்டும் பாக்கி. அதை மறுநாள் ஒட்டி முடித்தால்தான் அதற்கு அடுத்த நாள் எல்லாவற்றையும் ஏற்றிப்போக ஜீப் வரும். மறுநாளும் நான் உட்கார வேண்டும் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு அப்பா பீடி பற்ற வைத்தார். அவருக்கு மற்றக் கதவுகளை இழைத்து முடிக்கும் வேலை, அம்மாவைத் தம்பி ஒரு இடத்தில் உட்கார விடமாட்டான். நான் அழவில்லை. புத்தகத்தைக் கோழிக் கூடைமேல் விட்டெறிந்தேன். அது கூடையில் படாமல் தரையில் விழுந்தது.

அம்மா புத்தகத்தை எடுத்து மண்ணைத் துடைத்தார். பெட்டியைத் திறந்து பத்திரத்தை வெளியே எடுத்தார்.

"இத்தப் படி."

படித்தேன்.

"கெழக்குப் பாதி யாருது?"

"நம்முளுது."

"எந்தப் பாதின்னு அதுல அடையாளம் எழுதிக்கீதா? கெழக்குப் பாதின்னுதான கீது? அப்ப, எது கெழக்கால கீதோ அது நம்முளுது."

பெரியப்பா கடைக்குச் சாமான் வாங்கப் போளூர் இறங்கியிருந்தார். மலையில் ஜீப் ஓட்டும் டிரைவர் அண்ணனை அம்மா கூப்பிட்டு வந்தார். விஷயம் தெரிந்ததும் அவர் சிரித்த சிரிப்பில் காக்கை பறந்தது. அப்பா மட்டும், "இது ஏமாத்து வேல" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"பெஞ்ச நெலம்னு நெனச்சு எழுதுனவரக் கேளுங்க. நானா எழுதினேன்?" என்றார் அம்மா.

பெஞ்சின் மேற்குத் தலை கிழக்கே வரும்படி தூக்கித் திருப்ப வேண்டும். ஒரு மூலையை டிரைவர் அண்ணன், ஒன்றை அம்மா, ஒன்றை நான். நாலாவது மூலைக்கு ஆளில்லாமல் பெஞ்சு ஒரு பக்கம் தொங்கியது. அப்பா பீடியைக் காலால் தேய்த்துவிட்டு வந்து பிடித்தார். கோழி கூடையிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. ஊர்வலம் வருகிற சாமிபோல் முட்டைமேல் உட்கார்ந்தபடியே மேற்கிலிருந்து கிழக்குக்கு வந்து சேர்ந்தது. அப்பா துரப்பணத்தை எடுத்தார். இரண்டு ஓட்டைகள் போட அரைமணி நேரம்கூட ஆகவில்லை.

சாயங்காலம் பெரியப்பா வந்தார். தன் கோழி எங்கள் வீட்டுச் சுவரோரம் இருப்பதைப் பார்த்தார். ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். அதன்பின் அவர் போட்ட சத்தத்தில் ஊரே கூடியது. அம்மா பத்திரத்தை நீட்டினார். அவர் அதைக் கையால் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் விடிந்தபோது கொட்டகையில் பெரியப்பா உட்கார்ந்திருந்தார். புதிதாகப் போட்ட ஓட்டைகளுக்கு நடுவில், சரியாக நடுவில், பெஞ்சின்மேல் சம்மணம் போட்டு.

"இது என் பாதி. கெழக்கால போனாலும் மேக்கால போனாலும் என் பாதி. இதுல எவனும் கம்பி மாட்டக் கூடாது."

"ண்ணா, வஜ்ஜிரம் சூடா கீது. ஆறிடும். எழுந்திரு."

"மாட்டேன்."

ஜீப் சத்தம் கீழ் வளைவில் கேட்டது. நான் பாவாடை சட்டையோடு, கையில் பேனாவோடு நின்றேன். அப்பா என்னைப் பார்த்தார், பசையைப் பார்த்தார். வேறு வழி தெரியாதவராகக் கதவைத் தூக்கி வந்து, பூசிய சட்டங்களோடு பெஞ்சின்மேல் வைத்தார். இடம் விடப் பெரியப்பா ஒரு நிமிஷம் எழுந்தார். எங்கள் பழைய பாதியில் இருந்த சட்டத்தில் அப்பா நட்டை முறுக்கினார். அடுத்த கட்டையை அம்மா எடுப்பதற்குள் பெரியப்பா, "கதவு வந்தா இன்னா, என் எடம் என் எடந்தான்" என்று சொல்லி அந்தக் கதவின்மேல், அந்தச் சட்டத்தின்மேல் திரும்ப உட்கார்ந்துவிட்டார்.

 அம்மா கட்டையைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார்.

"ஓடு. ஜீப்பு நிக்காது."

ஓடினேன். பரீட்சையைப் பற்றி ஒன்றும் ஞாபகமில்லை. பெஞ்சில் உட்கார்ந்து எழுதினோம், அது ஆடியது, அவ்வளவுதான்.

பொழுது சாய ஊர் திரும்பியபோது பெரியப்பா அங்கேயே உட்கார்ந்திருந்தார். கடை திறக்கவில்லையாம். மத்தியானம் அம்மா களி கொண்டுபோய் வைக்க, அங்கேயே சாப்பிட்டாராம். சட்டத்தின் ஓரத்தில் பிதுங்கிய பசை வேட்டியை இழுத்துப் பிடித்துக் காய்ந்திருந்தது. என்னைப் பக்கத்தில் வரச் சொன்னார்.

"எல்லாம் எழுதினியா?"

"எழுதினேன்."

"கணக்கு?"

"அதுவும்."

"காலைலருந்து ஒரு நூலு நவுரல இது. நீயே தொட்டுப் பாரு." தொட்டேன். விரல் நுழைய இடமில்லாமல் ஒட்டியிருந்தது. "வஜ்ஜிரம் இன்னா, அழுத்தம் இன்னான்னு எனக்குத் தெரியாதா? நானும் இந்த வேல செஞ்சவன்தான். நீ பாஸானா அதுல பாதி என்னுது. சொல்லணும், தெரிதா?"

நான் தலையைக்கூட ஆட்டவில்லை. அம்மா கத்தரிக்கோலால் வேட்டியை வெட்டி அவரை இறக்கிவிட்டார். ஒரு முழத் துணி கதவோடு நின்றுவிட்டது. அப்பா அதை மறுநாள் சுரண்டி எடுத்தார்.

எனக்குக் கோபம் தீரவில்லை. இரண்டு வாரம் கோழியிடம் கொத்து வாங்கியவள் நான். ஒருநாள் உட்கார்ந்துவிட்டுப் பாதி கேட்கிறார்! அதுவும் வேண்டாவெறுப்பாய், சண்டைக்கென்று உட்கார்ந்தவர். அன்றைக்கு அப்படித்தான் நினைத்தேன். கடையை அடைத்து, ஒரு பகல் முழுக்க அசையாமல், வேட்டி ஒட்டுகிறது என்று தெரிந்தும் எழுந்திருக்காமல் சண்டைக்காக யாரும் உட்கார மாட்டார்கள் என்பது எனக்கே பிள்ளைகள் பிறந்தபின்தான் உறைத்தது. வாயைத் திறந்து, "நீ போ, நான் உக்கார்றேன்" என்று சொல்லித் தொலைத்திருந்தால் என்ன? எங்கள் குடும்பத்தில் அந்த மாதிரி வார்த்தைக்கு மட்டும் பஞ்சம்.

பங்குனியில் ரிசல்ட் வந்தது. எனக்கு இடம் கிடைத்திருந்தது. அப்பாவிடம் சொன்னேன், டிரைவர் அண்ணனிடம் சொன்னேன், தண்ணீர் எடுக்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். பெரியப்பாவிடம் சொல்லவில்லை. அந்த வாரம் முழுக்க அவர் குஞ்சைக் காணோம், கூடையைக் காணோம் என்று ஏதாவது சொல்லிக்கொண்டு கொட்டகைப் பக்கம் வந்துகொண்டே இருந்தார். வந்து பெஞ்சைத் தடவிவிட்டுப் போவார். நான் பார்க்காதவள்போல் புத்தகத்தை எடுத்துக்கொள்வேன். "சொல்லுடி" என்று அம்மா இரண்டு தடவை சொன்னார். ஹாஸ்டலுக்குப் போகிற அன்றைக்குக் கடை வாசலில் ஜீப் நின்றபோது அவர் என்னைக் கேட்கவில்லை. டிரைவர் அண்ணனிடம்தான், "பாஸாயிடுச்சாடா?" என்று மெதுவாகக் கேட்டார். அண்ணன் ஆமாம் என்றார். அவர் தலையை ஆட்டிவிட்டுக் கடைக்குள் போய்விட்டார். நான் முன்சீட்டில் நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

இத்தனை நேரம் எல்லாரையும் திட்டித் தீர்த்துவிட்டேன். பத்திரம் எழுதியவரை, அப்பாவை, கோழியை. ஆனால் நடுராத்திரியில் முதுகு வலித்து எழுந்து உட்காரும்போது எனக்குக் கோபம் வருவது அந்த முன்சீட்டில் இருந்தவள்மேல்தான். 'பாஸாயிட்டேன் பெரியப்பா.' இரண்டே வார்த்தை. சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?